சுவர்மேல் நின்ற இலாரியோ

தெல்ஃபினா மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். ஆனாலும் காஸ்தெல்வேரோ ஊரின் கோடை ஓபெராவைப் பற்றி ஏதாவது சந்தேகம் வந்தால் பாதிரியாரே அவளிடம்தான் ஆள் அனுப்புவார். எந்த வருடம் எந்தப் பாட்டு நாடகம், எந்த இரவு மழை, யாருக்குத் தொண்டை கட்டியது எல்லாம் அவளுடைய நீல நோட்டில் இருந்தன.

கைவிட்ட கல்குவாரியில் கல் உடைப்பவர்கள் கூடி முதன்முதலாகப் பாடியது 1923இல். அப்போது அவளுக்கு ஏழு வயது. போர் வந்தபோது ஆறு கோடைக்குப் பாட்டு இல்லை. குண்டுக்குப் பயந்து ஊரே அந்தக் குவாரியில் படுத்துக் கிடந்தது. 1946இல் மறுபடி தொடங்கியபோது விளக்குகள் போதாமல் ஆளுக்கொரு மெழுகுவர்த்தி கொண்டுவந்தார்கள். விளக்குகள் வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை ஊர் விடவில்லை.

அந்த வருடம்தான் அவள் தம்பி இலாரியோ சுவர்மேல் ஏறினான்.

மேடைக்குப் பின்னால் குவாரியின் வெட்டுச்சுவர். அதற்கு அந்தப் பக்கம் மறைந்து நின்று எக்காளம் ஊத உள்ளூர்க்காரர்கள் ஆறு பேர். இசை நடத்துநரை அவர்களால் பார்க்க முடியாது. இலாரியோ சுவர்மேல் நின்று, கீழே அவர் கையிலுள்ள கோலைப் பார்த்து, அதே தாளத்தைச் சிவப்புத்தாள் சுற்றிய டார்ச்சால் பின்பக்கம் காட்டுவான். கோலுக்கும் சுவருக்கும் நூற்று எண்பத்து மூன்று தப்படி. தெல்ஃபினா நடந்து எண்ணியிருக்கிறாள்.

இலாரியோவுக்குக் காது கேட்காது. 1941இல் கல்லுக்கு வைத்த வெடி முந்திக்கொண்டதில் இரண்டு காதும் போயின. ஊரில் எல்லோரும் அவன் முகத்தைப் பார்த்து மெல்லப் பேசுவார்கள், அவன் உதட்டைப் படித்துக்கொள்வான். வெளியூரிலிருந்து வரும் நடத்துநர்களிடம் மட்டும் யாரும் இதைச் சொன்னதில்லை. சொன்னால் சுவரிலிருந்து இறக்கிவிடுவார்களே. அவனுக்கு வருடம் முழுக்க அந்தச் சுவர்தான் நினைப்பு.

1958 ஜூலையில் மிலானிலிருந்து பிரந்தோலின் என்ற புது நடத்துநர் வந்தார். ஒத்திகையின் மூன்றாம் நாள் மாலை வாசிப்பை நிறுத்திவிட்டு, குனிந்து இசைத்தாளைப் புரட்டியபடியே சுவரை நோக்கிக் கத்தினார்.

"சுவர்மேல நிக்கிறவரே, அந்த லைட்டை அணைங்க."

டார்ச் எரிந்துகொண்டே இருந்தது. மூன்று முறை கத்தினார்.

"என்ன திமிரா? இல்ல காது கேக்காதா?"

பாடகர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதிலேயே அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. உடை தைக்கும் கொட்டகையிலிருந்த தெல்ஃபினாவுக்கு ஊசி விரலில் ஏறியது.

"செவிடரை நிக்க வெச்சு சங்கீதமா?" என்றார் பிரந்தோலின். "நாளைலேர்ந்து வயலின்காரர் ஃபௌஸ்தோ நிப்பாரு. அவருக்கு எறும்பு நடக்கறதுகூடக் கேக்கும்."

அன்று இலாரியோ சாப்பிடவில்லை. மக்காச்சோளக் களி தட்டிலேயே கல்லாக இறுகியது.

"டேய், நான் போய்ப் பேசட்டுமா?"

"வேணாம்க்கா. அவர் சொன்னதுல பொய் என்ன இருக்கு?"

மறுநாள் ஃபௌஸ்தோ ஏறினார். நாடகத்தில் ராஜா போரிலிருந்து திரும்பும் கட்டம். எக்காளம் பின்தங்கியது. மறுபடி ஊதச் சொன்னார்கள். மறுபடியும் பின்தங்கியது. நான்காவது தடவையும் அப்படியே.

எக்காளக்காரர்களில் ஒருவரான ரொட்டிக்கடை துலியோ சுவருக்கு அப்பாலிருந்து குரல் கொடுத்தார். "ராஜா வந்து, குளிச்சு, சாப்பிட்டுப் படுத்துட்டாரு. இன்னும் நாங்க வரவேற்கவே ஆரம்பிக்கல."

தெல்ஃபினா ராஜாவின் அங்கியைக் கீழே வைத்தாள். நீல நோட்டை எடுத்துக்கொண்டு நேரே நடத்துநரிடம் போனாள்.

"மாயெஸ்த்ரோ, நான் அவனோட அக்கா. பன்னெண்டு கோடை இதுல எழுதியிருக்கேன். எக்காளம் தவறினது ஒரே ஒரு நாள். 1951, ஆகஸ்ட் நாலு. அன்னைக்கு இவனுக்குக் காய்ச்சல், வேற ஆள் நின்னாரு."

"யாரு?"

"கோயில் ஆர்கன் வாசிக்கிறவர். ஊர்லயே நல்ல காது அவருக்குத்தான்."

பிரந்தோலின் நோட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். உதவியாளர் கையில் கோலைக் கொடுத்து வாத்தியக்காரர்களை நடத்தச் சொல்லிவிட்டு, வேர்க்க வேர்க்க ஏறி ஃபௌஸ்தோவின் பக்கத்தில் போய் நின்றார். அங்கே கண்ணுக்கு வயலின் வில் முந்தியது, அவ்வளவு தூரம் தாண்டிச் சத்தம் பிந்தி வந்தது. ஃபௌஸ்தோவின் கை கோலோடுதான் தொடங்கியது. நாலைந்து அடிக்குள் அவரை அறியாமலே பிந்தி வரும் சத்தத்தோடு போய்விட்டது. காது கேட்காத இலாரியோவுக்குக் கோல் மட்டும்தான்.

இறங்கி வந்தவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஊர்ல ஒருத்தர்கூட என்கிட்ட சொல்லலையே."

"நீங்க கேக்கலையே."

"நான் கேட்ட விதம் அப்படி." நோட்டை அவளிடம் நீட்டினார். "அவரு வருவாரா?"

"நீங்க வந்து கூப்பிட்டா வருவான். முகத்தைப் பார்த்துப் பேசுங்க. கத்த வேணாம், கத்தினா உதடு கோணிக்கும்."

அவர் வீட்டுக்கே வந்தார். என்ன பேசினார் என்று தெல்ஃபினா எழுதிவைக்கவில்லை, அடுப்படியில் இருந்துவிட்டாள். போகும்போது வாசலில் அவர் தொப்பியைக் கழற்றியதை மட்டும் எழுதினாள்.

சனிக்கிழமை இரவு அரங்கேற்றம். குவாரி முழுக்க மெழுகுவர்த்திகள். பிரந்தோலின் கோலை உயர்த்துமுன் வெள்ளைக் கைக்குட்டையைச் சுவரை நோக்கி ஒருமுறை அசைத்தார். மேலே சிவப்பு வெளிச்சம் அசைந்து பதில் சொன்னது. ராஜா அடியெடுத்து வைத்த அந்த நொடியில் எக்காளம் எழுந்தது. தெல்ஃபினா தன் மெழுகுவர்த்தி கையில் ஒழுகுவதையும் கவனிக்கவில்லை.

முடிந்ததும் இலாரியோ சட்டையெல்லாம் சுண்ணாம்புத் தூசியோடு இறங்கி வந்தான். ஒவ்வொரு வருடமும் கேட்பதையே கேட்டான்.

"எப்படி இருந்துச்சுக்கா?"

அவள் அவன் முகத்துக்கு நேரே மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு, தன் உதடு நன்றாகத் தெரியும்படி, முதல் பாட்டிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.