குத்தாலத்துக்கு முப்பது ரூவா

லூர்தண்ணே, ஒன் வெள்ளப்பூச் செடி கெடச்சிருச்சு. நான் அத யாருக்கும் பொட்டலம் மடிச்சுக் குடுக்கல. கேக்குதா ஒனக்கு?

இன்னைக்குக் காலையிலதான் கெடச்சுது. நாளையோட அண்ணன் செத்து ஒரு வருசம். கோயில்ல பூசை வச்சிருக்கோம். வாரவங்களுக்குக் காப்பி போடணுமேன்னு அடுப்புக்கு மேல பரண்ல கெடந்த பெரிய சட்டிய எறக்கப் போனேன். சட்டிக்கும் செவுத்துக்கும் நடுவுல ஒரு பேப்பர் மடிப்பு சொருகிக் கெடந்துது. பொக அடிச்சு அடிச்சு காப்பித்தூள் கலரு ஆயிருச்சு. பிரிச்சா உள்ள ஒரு பொடிச் செடி, அப்பளமா காஞ்சு கெடக்கு. பொகையும் பழைய பேப்பரும் சேந்த அந்த வாசம் மூக்குல ஏறுனதும் நான் ஏணியிலயே உக்காந்துட்டேன். அம்மா கீழ நின்னு, "ஏட்டி, சட்டி எடுக்கப் போனியா, தவம் பண்ணப் போனியா?"ன்னு சத்தம் போடுதா.

அண்ணன்ட்ட சொல்ல முடியாது. அதான் ஒங்ககிட்ட சொல்லுதேன். நான் அஞ்சாங்கிளாசோட நின்னவ. எழுத்து கோணக்க மாணக்க இருக்கும், கண்டுக்காதீங்க.

எங்களுக்குத் தென்காசியில பழக்கடை. சீசன் வந்துட்டா அப்பா குத்தாலத்துல அருவிக்குப் போற பாதையில தட்டி மறைச்சு ஒரு கடை போடுவாவ. மங்குஸ்தான், ரம்புத்தான், மலவாழப்பழம். நான் கூட நின்னு பொட்டலம் மடிப்பேன். அண்ணன் பாளையங்கோட்டையில காலேஜு. செடி கொடி பத்துன படிப்பு. அப்பாவுக்கு அது கடைசி வரைக்கும் வெளங்கல. "செடியப் பத்திப் படிக்கதுக்குப் பாளையங்கோட்டைக்கு ஏம்லே போவணும்? அங்கன வெயிலுதானலே மொளைக்கும்!"னு கேப்பாவ.

ஒரு லீவுக்கு வந்திருந்தப்ப அண்ணன் தயங்கித் தயங்கி ஒரு சேதி சொன்னான். ரெண்டு டெர்முக்கு நடுவுல பத்து நாள் கோர்ஸாம். காட்டுல அலைஞ்சு அம்பது செடி பறிச்சு, பேப்பருக்குள்ள வச்சுக் காய வச்சு, அட்டையில ஒட்டிக் குடுக்கணுமாம். அம்பதுல ஒண்ணு கொறைஞ்சாலும் சாரு நோட்டுல கையெழுத்துப் போட மாட்டாராம். கையெழுத்து இல்லாட்டி பெரிய பரிச்ச எழுத முடியாதாம். மூணு வருசப் படிப்பும் போச்சு.

"சரி, துட்டு எம்புட்டு?"ன்னாவ அப்பா.

"முப்பது ரூவா. பஸ்ஸு, சோறு, தங்குத எடம் எல்லாம் சேத்து."

"எந்த ஊருலலே?"

அண்ணன் கால் வெரலப் பாத்துட்டே சொன்னான். "குத்தாலத்துல."

அப்பா கையில இருந்த வாழத்தாரக் கீழ வச்சிட்டாவ. "ஏலே, குத்தாலத்துக்கு முப்பது ரூவாயா? நான் சீசன் முச்சூடும் ஓசியில நடந்து போய்ட்டு வாரேன்லே!"

"அப்பா, அது குத்தாலம் இல்ல. கோர்ஸு."

அம்மா சிரிச்சா பாருங்க, முந்தானைய வாயில பொத்திக்கிட்டு. இன்னைக்கும் எங்க வீட்ல எதுக்காச்சும் வெல கூடச் சொன்னா, "அது குத்தாலம் இல்ல, கோர்ஸு"ன்னுதான் சொல்லுவோம்.

வீட்ல படுத்துட்டுக் காலையில நடந்து போறேன், பாதித் துட்டு கொறைங்கன்னு அண்ணன் காலேஜுல கேட்டுப் பாத்தான். எல்லாருக்கும் ஒரே சட்டம்னுட்டாங்க. அது மட்டும் இல்ல, பேரு கூப்பிடுததே பாளையங்கோட்டையிலதானாம். அங்கன போயி பஸ்ஸு ஏறுனாத்தான் கணக்கு. அப்ப, குத்தாலத்துக்குப் போறதுக்குத் தென்காசியில இருந்து பாளையங்கோட்டைக்கு ஒரு டிக்கட்டு. இதப் போய் யார்ட்ட சொல்ல?

கடைக்குத் தார்ப்பாய் வாங்க வச்சிருந்த துட்டு அந்தக் கோர்ஸுக்குப் போயிருச்சு. அந்த சீசன் முழுக்க ஓலைக்கு அடியில நின்னோம். சாரல் அடிச்சா அப்பா தலையில ஒரு சாக்கு, என் தலையில ஒரு சாக்கு.

அம்மா முறுக்கு சுட்டா. தலவாணி, போர்வ, தைலம் எல்லாம் கட்டுனா. மூணு மைலு தள்ளி இருக்கப் போறவனக் கொழும்புக்குக் கப்பலேத்துத மாதிரி அனுப்பி வச்சா. விடியக்காலம் அவன் கெழக்க போனான். மத்தியானம் அவன் காலேஜு பஸ்ஸு மேக்க பாத்து வந்துது, எங்க தென்காசிக் கடை வாசல் வழியாத்தான். நாங்க மூணு பேரும் ரோட்டோரமா நின்னோம். அண்ணன் சன்னல்ல தலைய நீட்டிக் கைய ஆட்டுனான். பஸ்ஸு நிக்கல. அம்மா கண்ணத் தொடைக்கா. "எவ்வளவு தூரம் போறான் பிள்ள"ங்கா!

போட்ட துட்ட விடக்கூடாதுன்னு அப்பாவுக்கு ஒரு வைராக்கியம். பத்து நாளும் வீட்டுப் பக்கம் வரக்கூடாது. கடைக்கு வந்தா ஒரு பழம் கூடத் தொடக்கூடாது. "கட்டுன துட்டுக்கு அங்கன தின்னுலே!"ம்பாவ. அங்கன ஒரே கத்திரிக்கா சாம்பாராம். அவன் நாக்கு செத்துப்போய் எங்க கடையில வந்து நிப்பான், முழங்கால்ல அட்டை கடிச்ச ரத்தத்தோட. அப்பா அந்தப் பக்கம் திரும்புன நேரம் பாத்து நான் ஒரு மங்குஸ்தானக் கையில வச்சிருவேன். அப்பா வேணும்னேதான் திரும்புனாவன்னு ரொம்ப நாள் கழிச்சுதான் எனக்குப் புரிஞ்சுது.

செடியக் காய வைக்கதுதான் பெரிய பாடு. சாரல்ல பேப்பரு காயுமா? பூசணம் பூத்துப் போயிரும். பொட்டலம் மடிக்க வச்சிருந்த பேப்பர்ல பாதிய அண்ணன் அள்ளிட்டுப் போயிட்டான். தெனமும் சாயங்காலம் நமுத்த கட்ட எங்கிட்டத் தருவான். நான் தென்காசிக்குக் கொண்டு போயி அடுப்பு மேல பரண்ல பரத்திப் போட்டு, மறுநாள் மொறுமொறுன்னு கொண்டு வந்து குடுப்பேன். அவன் கூடப் படிச்ச பிள்ளைக செடி எல்லாம் பூசணம் புடிச்சுப் போச்சு. இவன் செடி மட்டும் மல்லியிலை பறிச்சாப்புல இருந்துது. வாசம்தான் கொஞ்சம் சாம்பார் வாசம்.

ஒம்பதாம் நாள் மத்தியானம் கடையில ஒக்காந்து எண்ணுதான். நாப்பத்தொம்பது. திருப்பி எண்ணுதான். நாப்பத்தொம்பதுதான்.

"ஏட்டி, அந்த வெள்ளப்பூ எங்கட்டி?"

செண்பகாதேவி அருவிக்கு மேல பாறையில வழுக்கி விழுந்து எடுத்துட்டு வந்த செடி அது. இங்கிலீஷ்ல ரயில் நீளத்துக்கு ஒரு பேரு சொல்லுவான். காலையில கூட்டம் நெரிச்சப்ப அவன் கட்டுல இருந்துதான் நான் பேப்பர் உருவி உருவி மங்குஸ்தான் மடிச்சேன். எதுக்குள்ள என்ன இருந்துதுன்னு யாரு பாத்தா?

ஓடுனேன். அருவிக்கர முழுக்க யார் கையில பொட்டலம் இருக்குன்னு எட்டி எட்டிப் பாத்தேன். ஈரச் சேலையோட ஒரு அம்மா, "என்னட்டி, என் பழத்தையே மொறைக்கே? வேணும்னா கேளேன்!"னா. அழுகைய அடக்கிட்டுத் திரும்பி வந்தேன். அண்ணன் குனிஞ்சு திரும்பவும் மொதல்ல இருந்து எண்ணிட்டிருந்தான். திட்டியிருந்தா தேவல. அப்பா வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, "நான் வாரேம்லே, அந்த வாத்தியாரு கால்ல விழுதேன். எம்மவ செஞ்ச தப்புன்னு சொல்லுதேன்"னாவ.

அண்ணன் தலையத் தூக்குனவன், கடைக் காலுக்கு அடியில எதையோ பாத்தான். குப்பைமேனி. நாங்க தெனமும் மிதிச்சுட்டுத் திரிஞ்ச செடி. வேரோட புடுங்கி எங்கிட்ட நீட்டி, "ஏட்டி, இத நம்ம எடைக்கல்லுக்கு அடியில வச்சு அடுப்புப் பக்கம் போடு. காலையில கொண்டா"ன்னான்.

காலையில அத அட்டையில ஒட்டுனான். கீழ ஒரு சீட்டு. எடுத்த எடம்: குத்தாலம், எங்கள் பழக்கடை. எடுத்தவர்னு போட்டு, அவன் பேர எழுதல. என் பேர எழுதுனான். முன்னால "செல்வி" வேற.

சாரு அதப் பாத்துட்டு, "இந்த அம்மா யாருப்பா?"ன்னு கேட்டாராம். "எங்களுக்குச் செடி காய வச்சுக் குடுத்தவங்க சார்"னானாம். கையெழுத்துப் போட்டுட்டாரு. அந்த அட்ட காலேஜு பீரோவுல இருக்குன்னு அண்ணன் சொன்னான். "அஞ்சாங்கிளாசு படிச்சிட்டு நீ காலேஜுக்குள்ள நொழஞ்சிட்டியேட்டி!"ன்னு சிரிச்சான்.

அவன் பாஸாகி, வெளியூர்ல வாத்தியாரானான். மொத சம்பளத்துல பச்சக் கலர்ல தார்ப்பாய் வாங்கிட்டு வந்தான். ரெண்டே சீசன் அதுக்கு அடியில நனையாம நின்னோம். அப்பொறம் அண்ணனுக்கு மஞ்சக்காமால. இருவது நாள்தான்.

அப்பா இப்ப குத்தாலத்துல கடை போடுததில்ல. தார்ப்பாய் மடிச்சபடிக்கே கெடக்கு. காலேஜு பஸ்ஸு மட்டும் சீசனுக்குச் சீசன் எங்க வாசல் வழியா மேக்க போவுது. யாரோ பிள்ளைக கைய ஆட்டுதுக. நானும் ஆட்டுதேன்.

அண்ணே, செடி பத்திரமா இருக்கு. ஒனக்கு இப்ப அம்பத்தொண்ணு.

இதப் படிக்குத நீங்க எந்தச் சாமியக் கும்பிடுதவங்களா இருந்தாலும் சரி, இன்னைக்கு வெளக்கேத்தும்போது எங்க லூர்தண்ணனுக்காக ஒரு வார்த்த வேண்டிக்கோங்க. அவன் போன எடத்துல நல்ல சோறு கெடைக்கணும்னு சேத்துக் கேளுங்க.