பெரியம்மா படித்த அமெரிக்கா

என் மகன் முதன்முதலாகத் தவழ்ந்தது எந்த நாள் என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. தடுப்பூசி, முதல் பல், முதல் சோறு என்று எல்லாவற்றையும் நாட்காட்டியில் குறித்து வைத்தவள் இதை மட்டும் தவறவிட்டேன். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் அமெரிக்காவின் அரசியலமைப்புத்தான் ஓடிக்கொண்டிருந்தது. நான் செனட்டைப் பற்றி விளங்கப்படுத்திக்கொண்டிருந்தபோது அவன் சோபாவுக்கு அடியில் போய்விட்டான். "இஞ்சை பார், உன்ர பிள்ளை எல்லை தாண்டிட்டான்" என்று பெரியம்மாதான் காட்டினார்.

வன்னியில் போர் முடிந்த வருடம் அது. பெரியம்மா என் அம்மாவின் அக்கா. அமெரிக்காவில், பஃபலோவில் தன் மகனோடு இருந்தார். என் அம்மா உயிரோடு இல்லாததால் பிள்ளைப்பேறு பார்க்க வந்தவர், அதன்பிறகு மாதத்தில் பாதி நாள் எல்லைக்கு இந்தப் பக்கம், கனடாவில், அஜின்கோர்ட்டில் எங்கள் அப்பார்ட்மென்டில்தான் கழித்தார். அமெரிக்காவுக்கு வந்து பதினைந்து வருடங்களுக்கு மேலாகியும் கிரீன் கார்ட்டோடுதான் இருந்தார். குடியுரிமை எடுக்கவில்லை. "என்னத்துக்கு? நான் திரும்பிப் போறன்தானே" என்பார். அவருடைய மகள், எனக்கு அக்கா, கல்யாணம் முடித்து வன்னியில் தங்கிவிட்டவர். கணவரைப் பீரங்கிச் செல்லடியில் இழந்து, ஒரு பையனோடு இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடற்கரை வரை போயிருந்தார்.

அந்த மாசியில்தான் பெரியம்மா குடியுரிமைக்கு விண்ணப்பித்தார். அமெரிக்க பாஸ்போர்ட் இருந்தால் வன்னிக்குப் போகலாம், போனால் திரும்பி வரலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அண்ணா, அதாவது அவருடைய மகன், போவதாகச் சொன்னபோது ஒருவரும் விடவில்லை. இளந்தாரிப் பெடியன் போனால் பிடித்து வைப்பார்கள் என்ற பயம். "என்னை ஆர் பிடிக்கிறது? பிடிச்சாலும் ரெண்டு நாளில கலைச்சுவிடுவாங்கள்" என்றார் பெரியம்மா. அவருடைய வயதுக்கும் அமெரிக்காவில் இருந்த காலத்துக்கும் குடியுரிமைச் சோதனையைத் தமிழிலேயே செய்யலாம் என்றும், மொழிபெயர்க்க ஒருவரைக் கூட்டிவரவேண்டும் என்றும் தெரிந்தது. அண்ணா என்னைக் கேட்டார். "நான் சொல்லிக் குடுத்தா சண்டையில முடியும். நீ கம்பஸ் படிச்சவள். பொறுமையும் இருக்கு."

பொறுமை என்று அவர் சொன்னது என் பயத்தை. பிள்ளைக்குப் பால் காணுமா, அறை குளிரா, நான் பிடிக்கிற விதம் சரியா என்று நாள் முழுதும் என்னை நானே கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு, அந்தச் சோதனைக்காக இன்னொரு நாட்டின் நூறு கேள்விகளும் சேர்ந்தன.

பெரியம்மா மரக்கறி வெட்டும்போதுதான் படிப்பார். கையில் வேலை இல்லாவிட்டால் அவருக்கு மண்டையில் ஏறாது. நான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கேட்பேன்.

"அரசாங்கத்தின்ர மூண்டு பிரிவும் சொல்லுங்கோ."

"சட்டம் எழுதிறவை, நடத்திறவை, நீதிபதிமார்."

"ஏன் மூண்டாப் பிரிச்சவை?"

"ஒருத்தன் மிஞ்சிப் போகாமல் மற்றவன் பிடிச்சு இழுக்கிறதுக்கு." கத்தரிக்காயை இரண்டாகப் பிளந்துவிட்டு, "எங்கட வீட்டில மூண்டும் நான்தான். அதுதான் உன்ர பெரியப்பா வேளைக்குப் போய்ச் சேர்ந்தவர்" என்றார்.

சமையலறை வாசலில் நின்ற என் கணவர் சிரித்தார். "மாமி, உந்தக் கதையை அங்கை சொல்லிப்போடாதேங்கோ."

"நீர் ஏன் தம்பி சிரிக்கிறீர்? உம்மட வீட்டில எத்தினை பிரிவு எண்டு எனக்குத் தெரியாதோ?"

செனட்டர்களைப் பற்றிப் படித்த நாளில் அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். ஒவ்வொரு மாநிலத்துக்கும் இரண்டு பேர் என்று சொல்லியிருந்தேன்.

"சின்ன மாநிலத்துக்கும் ரெண்டோ?"

"ஓம்."

"சனம் கூடின மாநிலத்துக்கும் ரெண்டுதானோ?"

"ஓம் பெரியம்மா. மற்றச் சபையிலதான் சனத்தொகைப்படி."

"பெரியவங்கள் அதுக்குச் சம்மதிச்சவங்களோ?"

"லேசிலை இல்லை. ஒரு மண்டபத்துக்குள்ள கதவு யன்னல் எல்லாம் பூட்டிப்போட்டு, ஒரு கோடைகாலம் முழுக்கச் சண்டை பிடிச்சவை."

"வெட்டுக்குத்தோ?"

"இல்லை. வாய்ச்சண்டை."

அவர் திரும்பவும் கத்தியை எடுத்தார். "வாய்ச்சண்டையோ" என்று மட்டும் சொன்னார். எங்கள் ஊரில் கூட்டாட்சிக்குச் சொல்லும் சமஷ்டி என்ற சொல்லை அவர் வாழ்நாள் முழுக்கக் கேட்டிருப்பார். அது ஒரு நாட்டில் இயங்கிக்கொண்டிருக்கிற சாதாரண விஷயம், ஒரு புழுக்கமான மண்டபத்தில் ஆட்கள் வியர்த்து வியர்த்துப் பேசி முடித்த விஷயம் என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பிரித்தானியரை எதிர்த்துக் குடியேற்றக்காரர் ஏன் போரிட்டார்கள் என்ற கேள்விக்கு மூன்று விடைகள் இருந்தன. வரி அதிகம், சுயாட்சி இல்லை, ஆமி அவர்களுடைய வீடுகளில் வந்து தங்கியது. ஒன்றைச் சொன்னால் போதும். மூன்றாவதைக் கேட்டதும் பெரியம்மா, "எங்கட வீட்டில மாதிரிக் கதவு நிலையளும் கழட்டினவங்களோ?" என்று கேட்டார். பல்கலைக்கழகத்தில் அமெரிக்க வரலாறு ஒரு பாடமாக எடுத்திருந்தேன். கட்டுரை எழுதி நல்ல புள்ளியும் வாங்கினேன். கதவு நிலைகளைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

சித்திரையிலும் வைகாசியிலும் டவுன்ரவுனில் அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு முன்னால் எங்கள் சனம் இரவு பகலாக நின்றது. நாங்களும் போனோம். பிள்ளையை ஸ்ரோலரில் வைத்து இரண்டு போர்வையால் மூடிக்கொண்டு போனேன். கொண்டுபோனது சரியா, கொண்டுபோகாமல் இருந்தால் அது சரியா என்று சப்வே முழுக்க யோசித்தேன். பெரியம்மா பதாகையைப் பிடித்தபடி அந்தக் கட்டடத்தின் யன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"சனாதிபதிதானே படைக்கெல்லாம் தலைவர். நீ அப்பிடித்தானே சொல்லித் தந்தனீ."

"ஓம்."

"அப்ப அவர் ஒரு சொல்லுச் சொன்னாக் காணும்தானே?"

"போர் அறிவிக்கிறது காங்கிரஸ், பெரியம்மா. அவர் நினைச்ச உடனை..."

"நான் போர் அறிவிக்கச் சொல்லேல்லை. நிப்பாட்டச் சொல்லித்தான் கேக்கிறன். அதுக்கு எந்தப் பிரிவு?"

அது நூறு கேள்விகளில் இல்லை.

வைகாசி நடுவில் எல்லாம் முடிந்தது. பல நாட்கள் நாங்கள் படிக்கவில்லை. ரி.வி. ஓடிக்கொண்டிருக்கும், ஒருவரும் அதைப் பார்க்க மாட்டோம், நிறுத்தவும் மாட்டோம். பிறகு ஒரு காலை, முன்பின் தெரியாத ஒருவர் வவுனியாவிலிருந்து அழைத்தார். அக்காவும் பையனும் ஆமி அடைத்துவைத்த முகாமில் இருக்கிறார்கள், உயிரோடு இருக்கிறார்கள் என்றார். ரெலிபோனை வைத்ததும் பெரியம்மா முகம் கழுவிவிட்டு வந்தார். குளிர்ப்பெட்டியைத் திறந்து ஒரு கட்டு கீரையை எடுத்து என் முன்னால் இருந்தார். "கேள்" என்றார்.

ஆனியில் நேர்முகத்துக்கு அழைத்தார்கள். என் கணவர் கார் ஓட்ட, பிள்ளையும் நாங்களுமாகப் பஃபலோ போனோம். அவர் பிள்ளையோடு காரில் இருந்தார். எங்களைக் கூப்பிட்ட அதிகாரி என் வயதுப் பெண். முதலில் என்னைக் கையை உயர்த்தச் சொல்லி, சொன்னதைச் சொன்னபடி மொழிபெயர்ப்பேன் என்று சத்தியம் வாங்கினார். பத்துக் கேள்வி, ஆறு சரியானால் போதும். பெரியம்மா முதல் ஆறையும் சரியாகச் சொன்னார். கையில் மரக்கறி இல்லாததால் கைக்குட்டையைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு விண்ணப்பத்தில் உள்ள ஓம், இல்லைக் கேள்விகள். எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா? இல்லை. பொய் சொல்லி உள்ளே வந்தீர்களா? இல்லை. இப்படியே போனது. இல்லை, இல்லை என்று சொல்லிப் பழகிய குரலில் பெரியம்மா சொல்லிக்கொண்டு போனார். அதிகாரி அடுத்த பக்கத்தைத் திருப்பிக் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

"சட்டம் கேட்டால், அமெரிக்காவுக்காக ஆயுதம் ஏந்துவீங்களோ எண்டு கேக்கினம்."

பெரியம்மா கதிரையில் நிமிர்ந்தார். "இல்லை. ஒருக்காலும் இல்லை. எங்கட வீட்டில ஒருத்தரும் அதைத் தொட்டதில்லை. தொடவும் மாட்டம். வேணுமெண்டா வந்து தேடிப் பாக்கச் சொல்லு."

அதற்கு "ஓம்" என்பதுதான் எதிர்பார்க்கப்படுகிற விடை. எனக்கு அது தெரியும். நூறு கேள்விகளையும் தலைகீழாகப் படிப்பித்தவள், இந்தப் பக்கத்தை அவரோடு ஒருமுறைகூட வாசித்துப் பார்க்கவில்லை. சீருடை போட்டவர்கள் ஆயுதம் என்ற சொல்லை எடுத்தால், கேள்வி முடிவதற்கு முன்னே இல்லை என்று சொல்ல வேண்டும் என்பது ஊரில் எத்தனையோ சென்றிகளில், ஆமியின் சோதனைச்சாவடிகளில், அவர் படித்த பாடம். அந்தப் பெண் சீருடைகூடப் போட்டிருக்கவில்லை.

அந்த அறையில் இரண்டு மொழியும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஒரு சொல்லை மாற்றினால் போதும். ஆனால் பெரியம்மா தலையையும் பலமாக ஆட்டிவிட்டார். சத்தியத்துக்குப் பயந்தேனா, அந்தத் தலையாட்டலுக்குப் பயந்தேனா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. சொன்னபடியே சொன்னேன். வந்து தேடிப் பார்க்கச் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன்.

அதிகாரி பேனையை வைத்தார். கோபப்படவில்லை. "இது உங்கள் சமய நம்பிக்கையா?" என்று கேட்கச் சொன்னார்.

"நாங்கள் சைவம். நான் முட்டைகூட உடைக்கிறேல்லை."

அதையும் சொன்னேன். அவர் எதையோ எழுதினார். பிறகு மெதுவாக, ஆயுதம் இல்லாமலும் சேவை செய்யலாம், காயப்பட்டவர்களைப் பார்க்கலாம், சமைக்கலாம், அதற்குச் சம்மதமா என்று கேட்டார்.

பெரியம்மா முதன்முறையாக அந்தப் பெண்ணின் முகத்தை நேராகப் பார்த்தார். "சமைக்கிறதோ? எத்தினை பேருக்கெண்டு கேள்."

நான் கேட்டேன். அந்தப் பெண் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் சிரித்துவிட்டார். "நிறையப் பேருக்கு" என்றார்.

"அப்ப பெரிய சட்டி வேணும். ஓம், செய்வன்."

சிரித்தாலும் முடிவை அன்று தரவில்லை. சோதனையில் தேறியாயிற்று, ஆனால் குடியுரிமை உறுதிமொழியில் ஆயுதப் பகுதியை விடுவதென்றால் மேலே அனுப்ப வேண்டும், கோயிலிலிருந்து ஒரு கடிதமும் நல்லது என்றார். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார்.

திரும்பி வரும்போது பெரியம்மா பிள்ளைக்குப் பக்கத்தில், பின்சீட்டில் இருந்தார். கொஞ்சத் தூரம் போனதும், "ஓமெண்டு சொல்லியிருக்க வேணுமோ, பிள்ளை?" என்று கேட்டார்.

"ஓமெண்டா இண்டைக்கே முடிஞ்சிருக்கும்."

"மாமி, ஓமெண்டு சொல்லியிருந்தா இப்ப உங்களை ஈராக்குக்கு ஏத்தியிருப்பாங்கள்" என்றார் என் கணவர், கண்ணாடியில் பார்த்துக்கொண்டு.

"நீர் ரோட்டைப் பாரும்." பிறகு என்னிடம், "முன்னமே சொல்லித் தந்திருந்தா சொல்லியிருப்பன். மகளைப் பாக்கிறதெண்டா என்னத்தையும் சொல்லியிருப்பன்" என்றார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. கணக்குப் பார்க்கிற குரல். "ஆனா நீ கேக்கேக்கை, எனக்கு அதுதான் வந்தது."

நான் முன்பக்கம் திரும்பி அழுதேன். பிள்ளை எழும்பிவிடும் என்று சத்தமில்லாமல் அழுதேன். பெரியம்மா என் தோளில் தட்டினார். "காணும். நீ சொன்னது நான் சொன்னதுதானே. அதுக்கு ஏன் அழுறாய்?"

அனுமதிக் கடிதம் வரக் கோடைகாலம் முடிந்துவிட்டது. அந்த மாதங்களில் முகாமில் மழை வெள்ளம் என்று கேள்விப்பட்டோம், பையனுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டோம். ஒவ்வொரு செய்திக்கும் மனதுக்குள் அந்த அறைக்குத் திரும்பிப் போய், ஓம் என்று சொல்லிப் பார்த்தேன். பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வழக்கம்போல வந்தார், சமைத்தார், என் கணவரைச் சீண்டினார். அதைப் பற்றி மறுபடி ஒரு சொல்லும் சொல்லவில்லை. இலையுதிர் காலத்தில் ஒரு பெரிய மண்டபத்தில், மற்றவர்களோடு நின்று, ஆயுத வரிகள் இல்லாத உறுதிமொழியை எடுத்தார். பாஸ்போர்ட் வந்த கையோடு ஊருக்குப் பிளேன் ரிக்கற் போட்டார்.

வவுனியாவிலிருந்து பெரியம்மா அழைத்தபோது எங்களுக்கு விடியவில்லை. நான் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"பாத்தனீங்களோ?"

"பாத்தன்."

ரெலிபோனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"கம்பிக்கு அங்காலை அவள், இங்காலை நான். கொஞ்ச நேரம்தான் விட்டவங்கள். மெலிஞ்சு போனாள். பெடியன் வளந்திட்டான். நான் ஆரெண்டு தாயைக் கேக்கிறான்."

"என்ன கதைச்சனீங்கள்?"

"என்னத்தைக் கதைச்சன்? பாத்துக்கொண்டு நிண்டன். வாசலுக்கு வந்தாப் பிறகுதான் நினைவு வந்தது, சாப்பிட்டனீங்களோ எண்டு கேக்கேல்லை. இவ்வளவு தூரம் வந்து, அதைக் கேக்க மறந்துபோனன், பிள்ளை."

"பரவாயில்லை, பெரியம்மா."

"நாளைக்கும் விடுவாங்களாம்" என்றார். "நாளைக்குக் கேக்கிறன்."