குழி தெரியாத இரண்டு எலும்புகள்

கப்பலில் கண்ட அம்மை, மூன்று மழைக்கால மலேரியா, சுறா கவ்விக்கொண்டு போன இடது கை விரல் இரண்டு, பள்ளிக்கூட வாசலை மிதிக்காத குறை. இத்தனையையும் ஜெயித்துத்தான் இருதயநாதன் போர்ட் பிளேரில் எலும்பு சுத்தம் செய்யும் தினக்கூலி ஆனான்.

எலும்புகள் தீவுடையவை அல்ல. நிலவியல் அதிகாரி ஜம்புலிங்கம் மாற்றலாகி வந்தபோது அரியலூரில் தோண்டிய குழிகளிலிருந்து கொண்டுவந்தவை. இரண்டு காலில் நடந்து இறைச்சி தின்ற டைனோசரின் துண்டுகள், மொத்தம் ஏழு. தாடையும் கணுக்காலும் ஒரே குழியில் கிடைத்தவை என்றால் அது புது மிருகம். அவர் பெயர் வைக்கலாம். இல்லையென்றால் இரண்டும் வெறும் துண்டு. குறிப்பேட்டைக் கரையான் தின்றுவிட்டதால் குழி எண் எலும்பின் மேல் மட்டுமே இருந்தது. மங்கிய எண்களை இருதயநாதன் மறுபடி எழுதி வார்னிஷ் பூசிவந்தான். ஐந்து முடிந்தது. தாடையும் கணுக்காலும் பாக்கி.

பிப்ரவரியில் குழாய் வற்றியது. கரைக்கு வந்த எதையும் கடல் தண்ணீரில் அலசுவது அவன் வீட்டுப் பழக்கம். ஒரு வாளி மொண்டு வந்து ஏழு எலும்பையும் அலசிவிட்டான். வார்னிஷ் பூசிய ஐந்தும் தப்பின. மற்ற இரண்டிலும் எண் போய், மறுநாள் காலையில் உப்புப் பூத்திருந்தது.

"கருவாடு போட்டுட்டியேடா, இருதயம்!" ஜம்புலிங்கம் நாற்காலியில் சாய்ந்தார். பிறகு, "ரெண்டும் மூணாம் குழின்னுதான் எனக்கு ஞாபகம். நீயும் பார்த்ததா ஒரு கடுதாசியில ரேகை வை. உன்னை பர்மனன்ட் ஆக்க நான் எழுதுறேன்" என்றார்.

லம்பா லைன் குடியிருப்பில், வீட்டில் அக்கா அமுதம் சொன்னாள்: "வச்சாத்தான் என்ன தம்பி? கோடி வருசத்து எலும்பு, சாட்சிக்கா வரப்போவுது?"

"மத்ததெல்லாம் நான் எழுதுன நம்பர், அக்கா. இது ரெண்டும் மாலும் நஹி, எந்தக் குழின்னு தெரியாது."

"இந்த வீம்புக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல" என்றாள். காலையில் அவள்தான் தூக்குச்சட்டியில் சோறு கட்டி அனுப்பினாள்.

"தெரியலங்க ஐயா" என்றான் அவன், ஆபீசில். ஜம்புலிங்கம் எழுதி வைத்திருந்த தாளைக் கிழித்தார். புதுத் தாளில் 'ஐந்துக்குக் குழி தெரியும், தாடைக்கும் கணுக்காலுக்கும் தெரியாது. மிருகம் இன்னதென்று சொல்ல முடியாது' என்று எழுதி, ரேகை வைக்க மைப்பெட்டியை அவன் பக்கம் தள்ளினார். அந்த மிருகத்துக்குப் பெயர் இல்லை. இவனுக்கு இன்னும் நான்கு வருடம் தினக்கூலிதான்.

இருதயநாதன் மைப்பெட்டியைத் தொடவில்லை. எண் எழுதும் பேனாவை எடுத்தான். தூக்குச்சட்டியில் அக்கா 'இருதயநாதன்' என்று வெட்டிவைத்திருந்ததைப் பார்த்துப் பார்த்து, எழுத்தெழுத்தாகத் தாளின் அடியில் எழுதினான்.

1966 பிப்ரவரி 19, சனிக்கிழமை.