பூசுகிற மருந்து

இன்று காலை முழங்காலில் தைலம் தேய்த்தபோது, அந்தக் கற்பூர நெடி என்னைத் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்துக்கே கொண்டுபோய்விட்டது.

காய்ச்சல் பரவிய காலம். தோட்டத்து மருந்துக்கு நாங்களே புட்டி கொண்டுபோக வேண்டும். யாழ்ப்பாணத்து மருந்தையா அதை நிரப்பி, குடிக்கும் அளவு தெரிய வேளைக்கொரு வெட்டு வைத்த காகிதத்தை அதில் ஒட்டித் தருவார். அன்று தங்கைக்கு முதல் வேளை கொடுக்க அம்மா கரண்டியில் ஊற்றினாள். அப்போது, லயத்துக்குள் கால் வைத்தே அறியாத மருந்தையா மழையில் ஓடி வந்தார்.

"குடுத்திட்டியோ பிள்ளை?"

"இல்லீங்க ஐயா, இப்பத்தான்..."

கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார். "இது வேற ஆளுக்குப் பூசுற மருந்து. மணம் தெரியேல்லையோ?"

"நாத்தம் கூடின மருந்துதான் கேக்கும்னு நெனச்சேங்க."

"பிழை உன்ர இல்லை. புட்டியை மாத்தினது நான்தான்."

தோட்டத்தில் ஓர் உத்தியோகத்தர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

மறுநாளிலிருந்து பெயர், தகப்பன் பெயர், லயத்து அறையின் காம்பரா நம்பர் மூன்றையும் சொன்னால்தான் அவர் புட்டியைக் கொடுப்பார். "தெரிஞ்ச ஆளுகிட்டயே பேரு கேக்குறாரு, ஐயாவுக்கு மூளை கொழம்பிருச்சு" என்று மேல் லயத்து அக்கா சிரித்தாள்.

அம்மா சிரிக்கவில்லை.

"கேட்டா சொல்லுடி. வாய் தேஞ்சா போயிரும்?"