சரிங்கம்மாவின் தீராத புகார்

குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் பத்தொன்பது வருஷமாகத் தொலைபேசி எடுக்கும் அவளுக்கு, கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பட்டப்பெயர் சரிங்கம்மா. குழாய் உடைந்தது என்றாலும், எதிர்முனையில் ஆள் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தாலும், "சரிங்க, பதிவு பண்ணிட்டேன், நம்பர் எழுதிக்கோங்க" என்பாள். நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்து, புகார் சொன்னவரைக் கூப்பிட்டுக் கேட்டபிறகே 'தீர்ந்தது' பொத்தானை அழுத்த வேண்டும் என்பது விதி. யார் கூப்பிட்டார்கள்? மொத்தப் பிரிவும் கூசாமல் அழுத்திவிட்டு டீ குடிக்கப் போகும்.

வேலை நேரத்தில் சொந்த போன் மேஜை டிராயருக்குள் இருக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பகலில், அவள் கணவர் வீட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூன்று தடவை கூப்பிட்டார். டிராயர் அதிர்ந்தது அவளுக்குக் கேட்டது. யாரோ ஒருவர் தொட்டி மூடியைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தார். இதை முடித்துவிட்டு எடுக்கலாம் என்று இருந்துவிட்டாள். திருப்பிக் கூப்பிட்டபோது எடுக்க அவர் உயிரோடு இல்லை.

அன்றிலிருந்து சொந்த போன் அடித்தால் எடுப்பதில்லை. அழவும் இல்லை. சாப்பிட்டாள், தூங்கினாள், வேலைக்கு வந்தாள். வெளியூரில் இருக்கும் ஒரே மகள்தான் ஏழு மாத வயிற்றோடு வந்து, அவளைக் கையோடு கூட்டிப்போய் ஒரு மனநல ஆலோசகரிடம் சேர்த்தாள்.

"பிரசவத்துக்கு நீ பக்கத்துல இருக்கணும்மா. அதுக்கு முதல்ல நான் கூப்பிட்டா எடு."

ஆலோசகர் கேட்டதும் அது ஒன்றைத்தான். வாரத்தில் ஒரே ஒரு தடவை மகளின் போனை எடுக்க வேண்டும். "சரிங்க மேடம்." அடுத்த வாரமும் "சரிங்க மேடம்." ஏழு வாரம் ஒரு நிமிஷம் பிந்தாமல் போனாள், ஏழு வாரமும் போனை எடுக்கவில்லை. ஏமாற்ற வேண்டும் என்றெல்லாம் இல்லை. சரி என்று சொல்லிவிட்டால் அவள் கணக்கில் வேலை முடிந்தது.

எட்டாவது வாரம் மகள் நேராகப் புகார்ப் பிரிவுக்கே கூப்பிட்டுவிட்டாள்.

"அம்மா, நான்தான்."

"வணக்கம், புகார் என்னங்க?" வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மகளும் புகாராகவே சொன்னாள். "எங்கம்மா போன் எடுக்க மாட்டேங்கறாங்க. ரெண்டு வருஷமாச்சு. பிரசவத்துக்கு இன்னும் பத்து நாள்தான்னு டாக்டர் சொல்லிட்டாங்க."

விரல்கள் தம் பாட்டுக்குத் தட்டின. "பதிவு பண்ணிட்டேன். நம்பர் எழுதிக்கோங்க."

மகள் எழுதிக்கொண்டு, எண்ணை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள். வைத்துவிட்டாள். பெற்ற பிள்ளைக்குப் புகார் எண் கொடுத்தோமே என்று அந்தப் பாவிக்கு அப்போதும் உறைக்கவில்லை. அடுத்த அழைப்பை எடுத்தாள்.

நாற்பத்தெட்டு மணி நேரத்தில் அந்தப் புகார் திரையில் சிவப்பாக மேலே வந்து நின்றது. விரல் வழக்கம்போல 'தீர்ந்தது' பக்கம் போனது. அழுத்த வரவில்லை. மகளைக் கூப்பிடவும் வரவில்லை. அப்படியே விட்டுவிட்டு ஆலோசகரிடம் போனாள்.

"இந்த வாரமாவது எடுப்பீங்களா?"

"முடியாதுங்க மேடம்."

ஆலோசகர் பேனாவைக் கீழே வைத்தார். "ஏங்க?"

அவள் மடியில் கிடந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு எடுத்துட்டா, அன்னைக்கும் எடுத்திருக்கலாம்னு ஆயிடும்ல?"