கூழைக்கடா நோட்டில் ஒரு சுவர்

1991 மழைக்காலத்தில் ஞாயிறு தவறாமல் மண்ணூர் ஏரிக்கரைக்கு நடந்து போவேன். ஸ்ரீபெரும்புதூர் ஜவுளிக்கடையில் துணி மடிக்கிற எனக்கு மனிதர்களோடு பேச வராது. பறவைகளோடு பேசவேண்டிய அவசியமில்லை. ஏரி நிரம்பி வயலெல்லாம் தண்ணீராகிக் கிடந்தது. கூழைக்கடா இறங்கியிருப்பதாகப் பால்காரர் சொல்ல, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் போனேன்.

கரையேறி, பதினொன்று வரை எண்ணி நோட்டில் எழுதினேன். அதற்குள் பின்னால் ஒரு பெண் குரல்.

"சார், எங்க வூட்ட எழுதிட்டியா?"

வெள்ளத்தில் இடிந்த வீடுகளைக் கணக்கெடுக்கத் தாலுகா ஆபீஸிலிருந்து ஆள் வரப்போவதாக ஊரெல்லாம் பேச்சு. நோட்டும் பேனாவும் பைனாகுலருமாக நின்றால் வேறு யாரென்று நினைப்பார்கள்?

"நான் அந்த ஆளு இல்லம்மா. பறவை பாக்க வந்தேன்."

"இந்த மழையில எவனாவது கொக்கு பாக்க வருவானா? எங்கள இன்னா கேணைன்னு நெனச்சிகினியா? வந்து பாரு சார்."

கையைப் பிடித்து இழுக்காத குறை. அவர் வீட்டின் மேற்குப் பக்கத்து மண்சுவர் மொத்தமாகக் கரைந்து, கூரை ஒரு மூங்கிலில் தொங்கிக்கொண்டிருந்தது. ஏழெட்டுப் பேர் கூடி "எழுது சார், எழுது சார்" என்றார்கள். கூட்டத்தைக் கண்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். விட்டால் போதுமென்று அந்தம்மாள் பெயரையும் 'மேற்குச் சுவர்' என்றும் எழுதிக் காட்டினேன். கும்பிட்டார்.

அடுத்த ஞாயிறு வழியிலேயே மறித்தார்.

"ஆபீஸ் ஆளு வந்தாரு. எங்க வூட்ட எழுதியாச்சின்னு நானே அனுப்சிட்டேன். இப்ப லிஸ்ட்ல பேரே இல்லியாம். நீ யாரு சார்?"

மறுநாள் கடையில் வயிற்றுவலி என்று பொய் சொல்லிவிட்டுத் தாலுகா ஆபீஸ் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் நடந்ததைத் திக்கித் திணறிச் சொன்னேன்.

"பறவை எண்ண வந்த ஆளு செவுத்த எதுக்கய்யா எழுதுன?" என்றார் கிளார்க். வரிசையே சிரித்தது. நோட்டை வாங்கிப் பார்த்தார். 'கூழைக்கடா 11.' அதற்குக் கீழே அந்தம்மாள் பெயர். தலையில் அடித்துக்கொண்டார்.

"லிஸ்ட் நாளைக்குப் போவுது. சாயங்காலம் வர்றேன். கூடவே வந்து வூட்டக் காட்டு."

காட்டப் போனேன். வாசலுக்கு வாசல், "கொக்கு சார் பெரிய சாரக் கூட்டியாந்துட்டாரு, எங்குளுதையும் எழுது!" என்று என்னையே சூழ்ந்தார்கள். கிளார்க்கை ஒருவரும் சீந்தவில்லை. இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, வாய் வலிக்க இல்லை இல்லை என்றேன். என் ஆயுளில் அவ்வளவு பேசியதில்லை.

ஒருவழியாகக் கிளார்க் சுவரைப் பார்த்து, பெயரைச் சேர்த்து, கைநாட்டு வாங்கினார். விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டே அந்தம்மாள் என் பக்கம் திரும்பினார்.

"கொக்கு பாக்கணும்னா பாரு சார். எழுதாத."