அப்பாவின் "ஏறிட்டன்" அழைப்பு

எங்கள் அப்பா யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் பிறந்தவர். சந்தையில் செத்துக் கிடக்கும் மீனைத் தவிர உயிரோடு ஒரு மீனைப் பார்த்திராதவர். அப்படிப்பட்டவருக்கு லண்டனில் ஆற்று மீன்மீது பித்துப் பிடித்ததை உறவினர் பலர் இன்றுவரை நம்பவில்லை.

அகதியாக வந்து, தபால் பிரிக்கும் இடத்தில் இரவு ஷிப்ட் செய்து எங்களை ஆளாக்கினார். அங்கே கூட வேலை செய்த டேவிட் என்பவர்தான், எங்கள் வீடு இருக்கும் ஹரோவிலிருந்து இரண்டு மணிநேரக் கார் தூரத்தில் உள்ள தெளிந்த ஆறு ஒன்றுக்கு அப்பாவை முதலில் கூட்டிப்போனவர். அங்கே இருக்கும் கிரேலிங் என்ற மீனைப் பிடிக்கக் குளிர்காலம்தான் நல்லது. முதுகில் கப்பல் பாய்போல் பெரிய செட்டை அதற்கு. இறகும் நூலும் சுற்றிய பொய்ப்பூச்சியைத் தூண்டில் முள்ளில் கட்டி, இடுப்பளவு தண்ணீரில் நின்று வீசவேண்டும். பிடித்ததை உடனே விட்டுவிடுவார்.

"விட்டிட்டு வாறதுக்கோ அத்தான் இந்தக் குளிருக்குள்ள போறியள்?" என்று குட்மேய்ஸில் இருக்கும் சித்தி கேட்பார்.

"கறிக்கு மீன் உங்கட சந்திக் கடையில கிடக்கு. நான் அதைப் பாக்கப் போறன்" என்பார் அப்பா.

நெஞ்சில் அறுவைச் சிகிச்சை நடந்த பிறகும் அவர் போனார். குளிர்காலச் சனிக்கிழமைகளில் அம்மாவும் நானும் போனைப் பார்த்தபடியே இருப்போம். கரையேறியதும் அப்பா போன் எடுத்து, "ஏறிட்டன், வாறன்" என்று சொல்லவேண்டும் என்பது அம்மா போட்ட ஒப்பந்தம். அதுவரை அம்மா சாப்பிடமாட்டார்.

ஒரு சனிக்கிழமை அந்த அழைப்பு வரவில்லை. இருட்டியும் வரவில்லை. அம்மா சித்திக்குச் சொல்ல, சித்தி தென்லண்டன் ஸ்ட்ரெதம்வரை எல்லோருக்கும் சொல்லிவிட்டார். எங்கள் சனம் விசாரித்துக்கொண்டா வரும்? கொஞ்ச நேரத்தில் வீடு நிறைந்துவிட்டது. யாரோ சோபாவைச் சுவரோடு தள்ளி, செத்தவீட்டுக்கு விரிப்பதுபோல் வெள்ளைத் துணி விரித்தார்கள். நான் அதைப் பார்க்காமல் சமையலறைக்குள் போய் நின்றேன்.

அப்போதுதான் அப்பா வந்தார். வாசல் நிறையக் கழற்றிவிட்ட சப்பாத்துகளைக் கண்டவர் படியிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, அம்மா எங்க? அம்மாவுக்கு என்ன நடந்தது?"

அம்மா முன்னால் வந்து, "போன் எங்கையப்பா?" என்றார்.

"ஆத்துக்குள்ள விழுந்திட்டுது" என்று சொல்லி அப்பா அழுதார். சனம் போனபின், "ஒவ்வொரு கிழமையும் நீங்கள் இப்பிடியோ இருக்கிறனீங்கள்?" என்று மெல்லக் கேட்டார். அதன்பிறகு ஒருநாளும் அழைப்புத் தவறவில்லை.

இந்த மாரியில் மழையால் ஆறு கலங்கிவிட்டது. அதனால் ஒரு சனிக்கிழமை அப்பா போகவில்லை. முன்னறைக் கதிரையில் அமர்ந்து பொய்ப்பூச்சி கட்டினார். நான் நிம்மதியாகக் கடைக்குப் போனேன், அம்மா நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். எத்தனையோ வருடம் ஆற்றுக்குப் பயந்த எங்களுக்கு அந்தக் கதிரைக்குப் பயப்படத் தெரியவில்லை. நான் திரும்பி வந்தபோது அப்பா நூலைக் கையில் பிடித்தபடியே போயிருந்தார்.

ஓடிவந்த அயலவர்களுக்கும், இறுதிக் கிரியைகளில் தோள்கொடுத்த உறவுகளுக்கும், அப்பாவின் பொய்ப்பூச்சிப் பெட்டியைக் கையில் ஏந்தி நின்று அழுத டேவிட் அவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று வீணாக ஓடிவந்தவர்கள் அத்தனை பேரும் இம்முறையும் வந்தீர்கள். வாசல் அதேபோல் சப்பாத்துகளால் நிறைந்தது. அம்மா மட்டும் கதவை மூடவிடவில்லை.

"கொஞ்சம் பொறுங்கோ, அவர் வந்து என்ன நடந்தது எண்டு கேப்பார்" என்றார்.



மகள்